கணக்கில் முந்தி நிற்கும் மகளுக்கு எந்தக் கல்லூரி?

கேள்வி:

நாங்கள் டோனாவூர் பக்கத்துக் கிராமம். சி.எஸ்.ஐ. சபை, வீட்டுக்காரர் விவசாயம். மகள் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டர் மேத்ஸ் குரூப், இங்கிலீஷ் மீடியம். போன வருஷம் கணித ஒலிம்பியாடின் முதல் கட்டமான ஐ.ஓ.க்யூ.எம். தேறி, அடுத்த கட்டமான ஆர்.எம்.ஓ. எழுதினாள், அதற்கு மேல் போகவில்லை. பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை லீவிலேயே முடித்துவிட்டாள். இன்ஜினீயரிங் வேண்டாம், கணக்குதான் படிப்பேன் என்று நிற்கிறாள். சென்னையில் சி.எம்.ஐ. (சென்னை கணிதவியல் நிறுவனம்), பெங்களூரில் ஐ.எஸ்.ஐ. (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) என்கிறாள். எங்களுக்குக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்க்கத்தான் மனம். அவளுடைய ஆச்சி, பாளையங்கோட்டை சாரா டக்கர் காலேஜ் போதும் என்கிறார். எங்கள் சபைப் போதகர் ஐயர், தாம்பரம் கிறிஸ்டியன் காலேஜ் நல்லது என்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற பிள்ளை. வெளியே போய் ஜெபம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய?

பதில்:

அன்புள்ள அம்மா,

பிள்ளை சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுதட்டும். இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் ஐயர் சொன்ன தாம்பரம். அதுவும் தோதுப்படாவிட்டால் ஆச்சி சொன்ன பாளையங்கோட்டை. அங்கே படித்தாலும் கணக்கில் மேலே போக வழி இருக்கிறது. ஆனால் அதற்குத் தனியாகத் திட்டம் போட வேண்டும். ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன். வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

முதலில் படிப்பு. நம் பக்கத்துக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணக்கு முதல் வருஷத்தில் வருவது அல்ஜீப்ரா, முக்கோணவியல், வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம், வடிவியல். பிளஸ் டூ புத்தகத்தை லீவில் முடித்த பிள்ளைக்கு இதில் பாதி பழைய பாடம். உண்மையான கணக்கு என்று கணக்குக்காரர்கள் சொல்லும் குரூப் தியரி, ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா எல்லாம் பெரும்பாலும் மூன்றாம் வருஷம்தான் வரும். சி.எம்.ஐ.யில் அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடும். கூடவே ஹாஸ்கல் மொழியில் புரோகிராமிங். ஐ.எஸ்.ஐ. பெங்களூர் மையத்தின் பி.மேத் படிப்பும் அப்படித்தான். இரண்டு வருஷம் முன்னால் தொடங்குவது மட்டும் லாபம் இல்லை. பதினெட்டு வயதில் பசியோடு இருக்கிற பிள்ளையை இரண்டு வருஷம் தெரிந்ததையே எழுத வைத்தால், மார்க் தொண்ணூற்றைந்து வரும், பசி போய்விடும். மூன்றாம் வருஷம் நிஜமான பாடம் வரும்போது அதையும் மனப்பாடமாகவே படித்துத் தள்ளுவாள். நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளைகள் நம் ஊரில் தேங்கிப் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம். ஆசிரியர்கள் சரியில்லை என்பதல்ல.

இன்னொன்று கூட்டாளிகள். ஒரு கணக்கை மூன்று நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒரு வகுப்பில் ஒருத்தி மட்டும் இருந்தால் அவளுக்கே தன் மேல் சந்தேகம் வரும். முப்பது பேர் அப்படி இருக்கும் இடத்தில் அது சாதாரணம். பேராசிரியர் சொல்லிக் கொடுப்பதில் பாதியை ராத்திரி மெஸ்ஸில் ஒருவருக்கொருவர் பேசித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

அங்கே என்ன கஷ்டம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியில் முதல் மார்க் எடுத்தவர்கள் மட்டுமே கூடியிருக்கும் வகுப்பு அது. முதல் செமஸ்டரில் நூற்றுக்கு நாற்பது வாங்கி அழாத பிள்ளை குறைவு. ஐ.எஸ்.ஐ.யில் பாடக் கட்டணம் கிடையாது, மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ஆனால் அது தேர்ச்சியைப் பொறுத்தது. தோல்வி விஷயத்தில் அங்கே விதிகள் கறார். சி.எம்.ஐ.யில் கட்டணம் உண்டு. குடும்ப வருமானத்தையும் படிப்பையும் பார்த்துச் சலுகை தருகிறார்கள். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரில் போன் பண்ணி "எனக்கு வரல, வீட்டுக்கு வந்துடுறேன்" என்று சொன்னால், உடனே கூட்டி வந்துவிடாதீர்கள். இரண்டாம் செமஸ்டர் முடியட்டும்.

கிறிஸ்தவக் கல்லூரிக்கும் உயர்ந்த கணக்குக்கும் தூரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சார்ல்ஸ் ராசீன் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குருவானவர் 1937இல் இந்தியா வந்தார். பாரிஸில் எலி கார்ட்டான் என்ற பெரிய கணித அறிஞரிடம் படித்தவர். முதலில் திருச்சி செயின்ட் ஜோசப், பிறகு சென்னை லயோலா. பாடத்திட்டம் பழசாகக் கிடந்த காலத்தில், ஐரோப்பாவில் அப்போது நடந்துகொண்டிருந்த கணக்கைத் தன் மாணவர்களுக்குக் காட்டினார். நன்றாக வருகிறவர்களைப் பம்பாயில் புதிதாகத் தொடங்கியிருந்த டாட்டா ஆய்வு நிறுவனத்துக்குப் போகச் சொன்னார். அப்படிப் போனவர்களில் எம்.எஸ். நரசிம்மன் ஒருவர், சி.எஸ். சேஷாத்ரி இன்னொருவர். இருவரும் சேர்ந்து 1965இல் நிறுவிய தேற்றம் இன்றும் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது. அந்தச் சேஷாத்ரிதான் 1989இல் சி.எம்.ஐ.யைத் தொடங்கி வளர்த்தவர். ஆகவே உங்கள் மகள் கேட்கிற இடத்தின் வேரில் ஒரு பாதிரியார் இருக்கிறார். ஐயரிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

ஆனால் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னொன்று. லயோலாவில் அன்று நடந்தது ராசீன் என்கிற ஒரு ஆளால் நடந்தது. எந்தக் கல்லூரியானாலும், அனாலிசிஸ் பாடத்தை இன்று யார் எடுக்கிறார், எப்படி எடுக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நூறு வருஷப் பெருமை அதற்கு உதவாது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்தவக் கல்லூரி தருவது உண்மையிலேயே சில உண்டு: சிற்றாலயம், வேதபாட வகுப்பு, விடுதியில் ஜெபம், ஞாயிறு ஆராதனைக்குப் போகத் தடையில்லாத நேரம். அவை இருக்கிற இடத்திலும் கோயிலுக்குப் போகாமல் ஞாயிறு பத்து மணி வரை தூங்குகிற பிள்ளைகள் உண்டு. விடுதி ஜெபத்தில் வருகைப் பதிவு எடுத்தால் உட்காருவார்கள், அவ்வளவுதான். பிள்ளை விசுவாசத்தில் நிற்பதும் நழுவுவதும் பெரும்பாலும் முதல் இரண்டு மாதத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாள், அங்கே அவளைத் தெரிந்தவர் யார் என்பதில் இருக்கிறது. அதை நீங்களே ஏற்பாடு செய்யலாம்.

சேர்க்கைக்கு முன்பே ஐயரிடம் ஒரு அறிமுகக் கடிதம் கேளுங்கள். சி.எம்.ஐ. இருக்கிற சிறுசேரியைச் சுற்றி, பழைய மகாபலிபுரம் சாலை நெடுகச் சபைகள் உண்டு. நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர் ஆட்கள் இல்லாத சபை சென்னையில் எது? முதல் ஞாயிறு நீங்களோ வீட்டுக்காரரோ கூடவே போய், ஆராதனை முடிந்ததும் அந்தச் சபை ஐயரிடம் கடிதத்தைக் கொடுத்து, ஐயரம்மாவிடமும் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். விடுதியிலிருந்து ஒரே பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் போகிற கோயிலாகப் பாருங்கள். இரண்டு பஸ் மாற வேண்டிய கோயில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பரீட்சை வாரத்தில் விட்டுப்போகும். ஒரு மாதம் விட்டுப்போனால் பழக்கமே போய்விடும். அதைவிட முக்கியம், அவளுக்கு அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளி எடுக்கத் தெரிந்த பிள்ளை, பாடகர் குழுவிலும் சேரலாம். வராவிட்டால் "ஏன்மா வரல?" என்று கேட்க நாலு பேர் இருக்கிற இடம்தான் சபை. பெங்களூரில் ஐ.எஸ்.ஐ. மைசூர் சாலையில் இருக்கிறது. தமிழ் ஆராதனை நடக்கும் சி.எஸ்.ஐ. கோயில்கள் நகரத்தில் உண்டு. கொஞ்சம் பயணம், அவ்வளவுதான். கல்லூரி மாணவர்களுக்கென்றே யு.இ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் அமைப்பு நடத்தும் ஐக்கியங்கள் இரண்டு நகரங்களிலும் இருக்கின்றன. மாணவர்கள் அதை இ.யு. என்பார்கள். உங்கள் சேகரத்திலேயே அதில் இருந்து வந்த பட்டதாரிகள் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

கேள்விகள் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். "இது எப்போதும் உண்மையா? நிரூபி. இல்லையென்றால் மறுத்துக் காட்டு" என்று நாள் முழுதும் பழகுகிற பிள்ளை, கிறிஸ்துமஸ் லீவில் வீட்டுக்கு வந்து பிரசங்கத்தைப் பற்றியும் கேள்வி கேட்பாள். "பெரிய படிப்பு படிச்ச திமிர்" என்று யாரும் வாயை அடைக்க வேண்டாம். கேட்கிறவள் விட்டுப் போகவில்லை. வீட்டில் கேட்க முடியாதவள்தான் வெளியே பதில் தேடுவாள். பிளஸ் ஒன் கணக்கில் பேயஸ் தேற்றம் படித்திருப்பாள். அந்தத் தாமஸ் பேயஸ் ஒரு பிரஸ்பிட்டேரியன் போதகர். இது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சரி, தேர்வு. இங்கேதான் நம் ஸ்டேட் போர்டு பிள்ளைகள் வழுக்குகிறார்கள். சி.எம்.ஐ. தாளில் இரண்டு பகுதி. முதல் பகுதி விடை மட்டும் கேட்கும் 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். இரண்டாம் பகுதி விரிவாக எழுத வேண்டிய 6 கணக்கு. முதல் பகுதியில் ஒரு குறிப்பிட்ட அளவு தாண்டினால்தான் இரண்டாம் பகுதியைத் திருத்தவே எடுப்பார்கள். ஐ.எஸ்.ஐ.யில் காலையில் 30 கொள்குறி வினா, பிற்பகலில் 8 விரிவான கணக்கு, தேறினால் நேர்காணல். கொள்குறித் தாளில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 0, எழுதாமல் விட்டால் 1. நான்கு தெரிவில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால் சராசரியாகக் கிடைப்பதும் 1தான். ஆகவே குருட்டு அடியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரு தெரிவையாவது உறுதியாக நீக்க முடிந்தால் மட்டும் எழுதுவது லாபம். அந்தந்த ஆண்டு அறிவிப்பில் முறை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

விரிவான கணக்கில் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். ஐந்து முழு எண்கள் எதை எடுத்தாலும் அவற்றில் ஏதோ மூன்றின் கூட்டுத்தொகை 3ஆல் வகுபடும் என்று காட்டு. நம் பிள்ளைகளில் பலர் 1, 2, 3, 4, 5 எடுத்து, 1+2+3=6 என்று எழுதி, இன்னும் இரண்டு உதாரணம் போட்டு, "எனவே நிரூபிக்கப்பட்டது" என்று கோடு போடுவார்கள். மதிப்பெண் பூஜ்யம். எழுத வேண்டியது இப்படி: எந்த எண்ணையும் 3ஆல் வகுத்தால் மீதி 0, 1, 2 இவற்றில் ஒன்று. ஐந்து எண்களில் இந்த மூன்று மீதியும் வந்திருந்தால், ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடு; மீதிகளின் கூட்டுத்தொகை 0+1+2=3, வகுபடும். ஏதாவது ஒரு மீதி வரவே இல்லையென்றால், ஐந்து எண்களும் இரண்டு வகைக்குள் அடங்கிவிடும்; அப்போது ஒரு வகையில் குறைந்தது மூன்று எண் இருந்தே தீரும். ஒரே மீதியுள்ள மூன்றைக் கூட்டினால் மீதிகளின் கூட்டுத்தொகை 0, 3 அல்லது 6, எதுவானாலும் வகுபடும். வேறு நிலை இல்லை. முடிந்தது. இதில் பெரிய சூத்திரம் எதுவும் இல்லை. எல்லா நிலையும் அடங்கிவிட்டதா என்று பார்க்கும் ஒழுங்குதான் உண்டு. "வேறு நிலை இல்லை" என்ற இடத்தை எழுதாமல் விடுவதால்தான் தெரிந்த பிள்ளைகளும் பாதி மதிப்பெண்ணைத் தொலைக்கிறார்கள்.

ஆர்.எம்.ஓ. எழுதிய பிள்ளைக்கு யோசிக்கத் தெரிந்திருக்கும். எழுதத்தான் பழக வேண்டும். இரண்டு நிறுவனங்களின் பழைய வினாத்தாள்களும் அவர்களுடைய இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினமும் இரண்டு விரிவான கணக்கு, முழு விடையும் வாக்கியமாக. எழுதியதை மறுநாள் அவளே எடுத்து, எதிரியின் கண்ணோடு ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்டுத் திருத்தட்டும். எண்ணியல், சேர்ப்பியல் (காம்பினடோரிக்ஸ்), பல்லுறுப்புக் கோவை, சமனிலிகள் இவை பள்ளிப் புத்தகத்தில் போதாது. அதில் கூடுதல் நேரம் போகட்டும். பள்ளிக் கணக்கு ஆசிரியரிடம் காட்டலாம்; ஆனால் அவரும் பொதுத்தேர்வுக் கண்ணோடு திருத்தினால் பயன் குறைவு. செப்டம்பரில் வரும் ஐ.ஓ.க்யூ.எம். தேர்வைப் பிளஸ் டூ என்று விட்டுவிட வேண்டாம். மூன்று மணி நேரம், 30 கேள்வி, ஏற்கெனவே தேறியவள்தானே. அதில் தொடங்கி, ஆர்.எம்.ஓ.வுக்கு அடுத்த தேசிய கட்டமான ஐ.என்.எம்.ஓ. வரை போய் நன்றாகச் செய்தால் சி.எம்.ஐ.யில் நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம் கிடைக்க வழியுண்டு.

உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல்: இந்தத் தேர்வுகள் எல்லாமே வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை. ஐ.ஓ.க்யூ.எம்., ஆர்.எம்.ஓ. தொடங்கி ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. வரை. மையம் திருநெல்வேலியில் இருக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். சனிக்கிழமையே கிளம்ப நேரலாம். ஓய்வுநாளில் பரீட்சையா என்று ஆச்சி கேட்டால், இதை முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். தேர்வு வாரத்தில் அந்தப் பேச்சு வேண்டாம். சென்னையிலும் மதுரையிலும் சாயங்கால ஆராதனை நடக்கும் கோயில்கள் உண்டு. இன்னொன்று, ஐ.எஸ்.ஐ., சி.எம்.ஐ. இரண்டும் மே மாதம் நடுவில் அடுத்தடுத்து வரும். நம் சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளியும் கோடை லீவில்தான். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை என்றால் வி.பி.எஸ்.ஸுக்கும் கூப்பிடுவார்கள். இந்த ஒரு வருஷம் வேண்டாம் என்று ஐயரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்து மே நடு வரை இருக்கிற ஆறேழு வாரம்தான் அவளுக்கு முழுசாகக் கிடைக்கும் நேரம்.

மூன்றாவதாக ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். திருவனந்தபுரம் ஐசர் விதுராவில் இருக்கிறது. உங்களுக்குச் சென்னையைவிடப் பக்கம். ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ். ஆனால் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் தலா 15 கேள்வி, தவறுக்கு 1 குறையும். உயிரியல் படிக்காத கம்ப்யூட்டர் மேத்ஸ் பிள்ளை மற்ற மூன்றில் மீட்க வேண்டும். முதல் வருஷங்களில் எல்லா அறிவியலும் படிக்க வேண்டியிருக்கும். கணக்கு மட்டுமே வேண்டும் என்பவளுக்கு அது கொஞ்சம் சலிப்பு. நல்ல இடம்தான், நுழைவுத் தேர்வு எழுதிப் போகும் இடங்களில் என் வரிசையில் மூன்றாவது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. கணிதம் உண்டு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் பொது நுழைவுத் தேர்வு வழியாக.

சான்றிதழ் வேலையை ஏப்ரலில் தொடங்குங்கள். ஐ.எஸ்.ஐ., ஐசர் போன்ற மத்திய நிறுவனங்களுக்கு நம் மாநில பி.சி. சான்று போதாது. உங்கள் பிரிவு மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நான்-கிரீமி லேயர் சான்றை மத்திய அரசுப் படிவத்தில் இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போவது நம் பக்கத்தில் சாதாரணம். ஜூனில் அதைத் திருத்த ஓடினால் கவுன்சலிங் முடிந்துபோகும்.

தேதிகள் மோதும் இடம் ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கலைக் கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கி சீக்கிரமே முடிந்துவிடும். சி.எம்.ஐ., ஐ.எஸ்.ஐ. முடிவுகள் அதற்குப் பிறகுதான் வரும். ஆகவே கிறிஸ்தவக் கல்லூரி ஒன்றில் முதலில் சேர்த்துவிட வேண்டியிருக்கும். விண்ணப்பத்தோடு போதகரின் சபைக் கடிதத்தையும் ஞானஸ்நானச் சான்றையும் வையுங்கள். சிறுபான்மைக் கல்லூரிகளில் அதற்கென்று ஒதுக்கீடு உண்டு. எய்டட் பிரிவா, செல்ஃப் பைனான்ஸா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரே கல்லூரி, ஒரே பாடம், கட்டணம் மட்டும் பல மடங்கு வித்தியாசம். டி.சி.யைக் கொடுக்கும் முன் பத்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சி.எம்.ஐ. கிடைத்தால் விலகல் கடிதம் கொடுத்து டி.சி.யைத் திரும்ப வாங்கலாம். கட்டணத்தைத் திருப்பித் தர யு.ஜி.சி. ஒவ்வொரு ஆண்டும் தேதி குறித்து விதி வெளியிடுகிறது. அந்தத் தேதிக்குள் எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

எந்தத் தேர்விலும் இடம் கிடைக்கவில்லை என்றால்? நாட்டில் பெரும்பாலோருக்கு அதுதான் நடக்கிறது, பிள்ளை மனம் உடைய வேண்டியதில்லை. அப்போது தாம்பரத்தை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் இடம். தரமணியில் கணித அறிவியல் நிறுவனமும் சிறுசேரியில் சி.எம்.ஐ.யும் இருக்கும் ஊரில், பொதுவான கணக்குச் சொற்பொழிவுகளுக்குப் போய் உட்கார முடியும். பாளையங்கோட்டையிலிருந்து அது முடியாது. மதுரை லேடி டோக், அமெரிக்கன் கல்லூரி, திருச்சி செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர் இவற்றையும் பார்க்கலாம். எதைப் பார்த்தாலும் கட்டடத்தைப் பார்க்காமல் மூன்று காரியம் விசாரியுங்கள். ரியல் அனாலிசிஸ், மாடர்ன் அல்ஜீப்ரா பாடங்களின் கடந்த மூன்று வருஷ செமஸ்டர் வினாத்தாளை வாங்கி மகளிடம் கொடுங்கள். "தேற்றத்தைக் கூறி நிரூபி" என்பதே எல்லாக் கேள்வியுமா, புதுசாக யோசிக்க வைக்கும் கணக்கும் உண்டா என்று அவளே சொல்லிவிடுவாள். அடுத்து, அந்தத் துறையிலிருந்து கடைசி ஐந்து வருஷத்தில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி. போனவர் யாராவது உண்டா? கேட்டால் பெயரோடு சொல்ல வேண்டும். "நிறைய பேர் போயிருக்காங்க" என்றால் யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, எம்.எஸ்ஸி.யும் ஆராய்ச்சியும் உள்ள துறையா? இருந்தால் இரண்டாம் வருஷத்திலேயே எம்.எஸ்ஸி. வகுப்பில் உட்கார அனுமதி கேட்கலாம். துறைத்தலைவர் அதற்கு முகம் சுளிக்காமல் சரி என்றால் அந்தக் கல்லூரியிலேயே சேருங்கள்.

ஆச்சி சொல்கிற பாளையங்கோட்டை என்றாலும் இதே திட்டம்தான். 1895இல் தொடங்கிய சாரா டக்கர், 1923இல் தொடங்கிய சேவியர்ஸ், அதற்கும் முந்திய செயின்ட் ஜான்ஸ் எல்லாம் இந்தச் சீமையையே படிக்க வைத்த இடங்கள். ஆனால் ஒழுங்காகப் படித்து, பி.எட். முடித்து, டி.ஆர்.பி. எழுதும் பாதைதான் அங்கே தன்னால் அமையும். மகளுக்கு வேண்டியது வேறு பாதை, அதை அவளே வெட்ட வேண்டும். துணைப்பாடத்தில் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் புள்ளியியல் அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கட்டும். முதல் வருஷ லீவிலேயே ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல். இணையப் பாட வீடியோ வழியாக லீனியர் அல்ஜீப்ராவும் அனாலிசிஸும் தொடங்கட்டும். பார்த்தால் மட்டும் போதாது, வாராந்திரக் கணக்குகளைப் போட வேண்டும். இரண்டாம் வருஷத்தில் எம்.டி.டி.எஸ். முகாமுக்கு விண்ணப்பிக்கட்டும். 1993இலிருந்து நடக்கிற கோடைக்காலப் பயிற்சி அது, கணக்கில் நிஜமான ஆசையுள்ள இளங்கலை மாணவர்களுக்காகவே. சின்ன ஊர்க் கல்லூரிப் பிள்ளைகள் நிறைய வருவார்கள். விண்ணப்பத்தில் ஆசிரியரின் பரிந்துரை தேவைப்படும் என்பதால் ஒரு ஆசிரியராவது அவளை நன்றாக அறிந்திருக்க வேண்டும். மாதவா கணிதப் போட்டியையும் எழுதலாம். மூன்றாம் வருஷம் ஜாம், சி.எம்.ஐ. எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வு. இப்போது கிடைக்காத அதே வாசல் அப்போது மறுபடி திறக்கும். வல்லத்தில் பிறந்து, நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்த எஸ்.எஸ். பிள்ளை, எண் கோட்பாட்டில் உலகம் அறிந்த பெயர். நம் பக்கத்துக் கல்லூரியில் கால் வைத்தவருக்கு வழி அடைபட்டுவிடும் என்பதில்லை.

போக்குவரத்து பற்றி ஒரு வார்த்தை. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தாம்பரம். கிறிஸ்டியன் காலேஜ் அங்கேயே. சிறுசேரி போக வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் சாலை. ஆம்னி பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்குவார்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வேறு, கேளம்பாக்கம் வேறு. ஆட்டோக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஐ.ஓ.க்யூ.எம். பதிவு எப்போது முடிகிறது, பள்ளி மையமாகப் பதிவு செய்திருக்கிறதா என்று மகளின் கணக்கு ஆசிரியரிடம் கேளுங்கள். பள்ளி பதிவு செய்யவில்லை என்றால், பக்கத்தில் எந்தப் பள்ளி மையம் என்று கேட்டு அங்கே எழுத ஏற்பாடு செய்யலாம்.